பெயரை வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள்

வங்கிக் கிளைகளில் பணம் அனுப்பும் கவுன்ட்டரில் இருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். முப்பத்தாறு வருஷம் ஒரு வங்கியில் வேலை பார்த்துவிட்டு 2021-இல் ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். 1985-இல் கிளார்க்காகச் சேர்ந்தபோது பேரேட்டில் கையால் வரவு எழுதினேன். கடைசி நாளன்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பணம் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிற வழி இதற்கிடையில் நாலைந்து தடவை மாறிவிட்டது. அந்த மாற்றங்களில் ஒன்றை மட்டும் நாம் ஜனங்களிடம் சரியாகச் சொல்லவே இல்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல். உங்களிடம் நான் கேட்பதும் ஒரே ஒரு காரியம்தான்: நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் என்று வேறு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்ப வருகிறவரிடம், பணம் கிளம்புவதற்கு முன்னால், எதிர்க்கணக்கின், அதாவது பணம் போய்ச் சேரும் கணக்கின், பெயரைத் திரையில் வரவழைத்து, வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு 2013 ஜூன் மாதத்துக்குப் போக வேண்டும்.

அப்போது சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். பீடி சுற்றுகிற ஓர் அம்மா, எங்கள் கிளையில் பழைய வாடிக்கையாளர். மகளுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முதல் வருஷக் கட்டணம் 46,000 ரூபாய். சீட்டு எடுத்த பணம், அண்ணன் கொடுத்தது, சேமிப்பில் கிடந்தது எல்லாம் சேர்த்துக் கணக்கில் போட்டு வைத்திருந்தார். "அண்ணாச்சி, இதை அந்தக் காலேசுக்கு அனுப்பிருங்க" என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். மகள் போனில் கேட்டு எழுதிய சீட்டு. இடுப்பில் செருகி வந்ததில் வியர்வை பட்டு மை கலைந்திருந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நம் கிளைகளில் வழக்கமாக நடப்பதுபோல நானே படிவத்தை நிரப்பினேன். அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். கட்டணம் ஐந்து ரூபாயும் சேவை வரியும்.

அந்தச் சீட்டில் இருந்த ஒரு 1-ஐ நான் 7 என்று படித்துவிட்டேன்.

கணக்கு எண்ணை இரண்டு தடவை அடிக்கச் சொல்லுமே கம்ப்யூட்டர், அடித்தேன். இரண்டு தடவையும் 7-தான் அடித்தேன். விரல் செய்கிற பிழையைத்தான் அந்த ஏற்பாடு பிடிக்கும், கண் செய்கிற பிழையைப் பிடிக்காது. அடுத்து அதிகாரி படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து அனுமதித்தார். அவர் ஒப்பிட்டது என் கையெழுத்தோடு. இப்படி மூன்று தடவை சரிபார்த்தும் ஒருவரும் அந்தத் துண்டுச் சீட்டை மறுபடி பார்க்கவில்லை. கல்லூரியின் பெயர் மட்டும் படிவத்தில் ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது.

நாலாம் நாள் அந்த அம்மா வந்தார். பணம் வரவில்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். யுடிஆர் எண்ணை, அதாவது அந்தப் பரிமாற்றத்துக்கென்று விழுந்த அடையாள எண்ணை, வைத்துத் தேடினால், எங்கள் பக்கம் எல்லாம் சரி: பணம் போய்விட்டது, எதிர்க்கணக்கில் வரவும் ஆகிவிட்டது. எந்தக் கணக்கு? கல்லூரிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத, வேறொரு மாநிலத்தில் இருக்கும் ஒரு தனி ஆளின் கணக்கு. அவருக்கு வண்டிக் கடன் தவணை பாக்கி இருந்திருக்கிறது. பணம் உள்ளே விழுந்த மறுநாளே தவணை அதை எடுத்துக்கொண்டது. அந்த வங்கி, கணக்குக்காரர் சம்மதிக்காமல் தன்னால் திருப்ப முடியாது என்று எழுதியது. அவர் மனுஷர். இல்லை என்று சொல்லவில்லை. நாலு தவணையாகத் திருப்பினார். கடைசித் தவணை வந்தபோது பொங்கல் கழிந்துவிட்டது.

கட்டணம் கட்டக் கடைசி நாள் மட்டும் தள்ளிப்போகவில்லை. அந்த அம்மா காதில் கிடந்ததையும் கழுத்தில் கிடந்ததையும் கழற்றி, எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்த நகைக்கடன் கவுன்ட்டரில் வைத்தார். வட்டி எங்கள் வங்கிக்குத்தான் வந்தது. அவர் கொடுத்த புகாருக்குப் பதில் எழுதச் சொன்னார்கள். "பணம் அனுப்பியவர் கொடுத்த கணக்கு எண்ணுக்கே பணம் வரவு வைக்கப்பட்டது" என்று எழுதினேன். விதிப்படி அது சரியான பதில். படிவத்தில் கையெழுத்து அவருடையது. எழுதிய கை என்னுடையது என்பது அந்தப் பதிலில் இல்லை. அதை நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அன்றைக்கு அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "பேரு சரியாத்தானே எழுதியிருக்கு அண்ணாச்சி, பெறகு எப்படி வேற ஆளுக்குப் போகும்?"

தம்பிகளே, இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். அந்தத் தலைமுறைக்குப் பணத்தின் முகவரி பெயர்தான். 1880-இல் இந்த நாட்டில் மணியார்டர் வந்தது. தபால்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளைப் பார்த்து, கைநாட்டு வாங்கிக் கையில் கொடுத்தார். டிடி எடுத்தால் யார் பெயருக்கு என்பதுதான் முதல் கேள்வி. பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் காலேஜ் அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், ரத்து செய்து வேறு எடுக்க வேண்டும். காசோலையில் இரண்டு கோடு போட்டு 'ஏ/சி பேயீ' என்று எழுதினால், அந்தப் பெயருள்ளவர் கணக்கைத் தவிர வேறெங்கும் போகாது. நான் சேர்ந்த காலத்தில் தந்தி மூலம் பணம் அனுப்பும் டிடி-யின் அண்ணன் ஒன்று இருந்தது, டெலிகிராபிக் டிரான்ஸ்பர். அதற்கென்று ரகசியக் குறியீட்டுப் புத்தகம் மேனேஜரிடம் பூட்டி இருக்கும். தந்தியில் வந்த குறியீடு சரியாக இருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் பணம் தருவோம். அதிலும் கடைசியில் பெயர் கேட்டு, ஆள் பார்த்துத்தான்.

2005 நவம்பரில் நெஃப்ட் வந்தது. படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம் வைத்தோம், கணக்கு எண்ணுக்கு ஒரு கட்டம் வைத்தோம். பெயர்க் கட்டம் முதலில் இருந்ததால் ஜனங்கள் பழையபடிதான் நினைத்தார்கள். உள்ளே முறையே மாறிவிட்டது.

எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை எழுதுகிறேன், உங்கள் முன்னால் நிற்பவருக்கு எப்படிச் சொல்லலாம் என்பதற்காக. இங்கே கணக்கில் பற்று வைத்ததும் ஒரு செய்தி கிளம்புகிறது. எந்த வங்கி, எந்தக் கிளை, எந்தக் கணக்கு, எவ்வளவு. வங்கியையும் கிளையையும் சொல்வது ஐஎஃப்எஸ்சி, பதினொரு இடம். முதல் நாலு எழுத்து வங்கி, ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறு கிளை. இந்தச் செய்தி நம் வங்கியின் மையத்துக்குப் போய், அங்கிருந்து ரிசர்வ் வங்கி நடத்தும் நெஃப்ட் தீர்வு மையத்துக்குப் போகிறது. அங்கே அரைமணி நேரம் சேர்ந்த செய்திகளை ஒரு கட்டாகக் கட்டித் தீர்க்கிறார்கள். ஒரு நாளைக்கு 48 கட்டு, ராத்திரி பகல், ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி எதுவும் கிடையாது. 2019 டிசம்பர் 16 முதல் அப்படி. சந்தை முடிந்ததும் வியாபாரிகள் உட்கார்ந்து யாருக்கு யார் தர வேண்டும் என்று கூட்டிக் கழித்து மிச்சத்தை மட்டும் கைமாற்றிக்கொள்வார்களே, அதேதான் ஒவ்வொரு கட்டிலும் நடக்கிறது. இந்த முறையில் நேரடியாகச் சேர்ந்த வங்கிகள் ரிசர்வ் வங்கியில் கணக்கு வைத்திருக்கின்றன. கழிந்து நிற்கும் தொகை அந்தக் கணக்குகளில் ஏறி இறங்குகிறது. பிறகு அந்தந்த வங்கிக்குரிய செய்திகள் பிரிந்து போகின்றன. வாங்குகிற வங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வரவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் திருப்ப வேண்டும்.

இந்தப் பாதை முழுவதிலும் பெயரை ஒப்பிட்டுப் பார்க்கும் இடம் என்று ஒன்று இல்லை. பெயர் செய்தியோடு பயணம் செய்கிறது, அவ்வளவுதான். 2010 அக்டோபர் 14 அன்று ரிசர்வ் வங்கி இதை வெளிப்படையாகவே சுற்றறிக்கையில் எழுதிவிட்டது: மின்னணு முறையில் வரும் பணத்தை வரவு வைக்கக் கணக்கு எண் ஒன்றையே நம்பலாம், சரியான எண்ணைக் கொடுப்பது அனுப்புகிறவர் பொறுப்பு. நம் படிவங்களின் அடியிலும் பொடி எழுத்தில் இங்கிலீஷில் அது இருக்கிறது. அந்த அம்மா கையெழுத்துப் போட்டது அதற்குக் கீழேதான்.

அந்த முடிவில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். நம்மூர்ப் பெயர்களை வைத்தே பாருங்களேன். முத்துலட்சுமி என்பதை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதலாம்! எக்ஸ் போட்டு ஒருத்தி, கே எஸ் எச் போட்டு இன்னொருத்தி, 'லெட்சுமி' என்று கணக்குத் திறந்தவர் காதில் விழுந்தபடி மூன்றாவது ஒருத்தி. முதலெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா? ஆதாரில் அப்பா பெயர் முழுசாக நீண்டிருக்கும், பாஸ்புக்கில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் முதலெழுத்தாக மாறியிருக்கும். எழுத்துக்கு எழுத்து பெயர் பொருந்தினால்தான் வரவு வைப்பது என்று மெஷினுக்குச் சொல்லியிருந்தால், தமிழ்நாட்டுக்கு வருகிற பணத்தில் பெரும் பகுதி திரும்பிப் போயிருக்கும். ஆகவே எண்ணை முகவரியாக்கியது சரிதான். எண்தான் முகவரி என்று வாசலில் நிற்பவரிடம் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. அந்தத் தப்பை ரிசர்வ் வங்கி மேல் போட்டுவிட்டு நான் ஒதுங்க முடியாது. சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்.

இதற்கு நடுவில் வேறு வழிகள் வந்தன. 2010 நவம்பரில் ஐஎம்பிஎஸ். அதில் கட்டுக்காகக் காத்திருப்பதில்லை, பணம் கணக்கில் உடனே விழும், வங்கிகள் தங்களுக்குள் பிறகு தீர்த்துக்கொள்ளும். 2016 ஏப்ரலில் யுபிஐ. கணக்கு எண்ணே தேவையில்லை என்றாகிவிட்டது, போன் எண் போதும், கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டம் போதும். அதில் ஒரு நல்லது நடந்தது, கவனித்தீர்களா? அனுப்புவதற்கு முன் பெயர் காட்டியது. பூக்கட்டும் பாட்டியின் கட்டத்தை ஸ்கேன் செய்தால் அவர் பேரன் பெயர் வரும். "பேரன் பேர்தான்யா, போடு" என்பார் பாட்டி. பத்து ரூபாய் அனுப்புகிறவனுக்குப் பெயர் காட்டிய இந்த நாட்டில், கவுன்ட்டரில் நின்று இரண்டு லட்சம் ஆர்டிஜிஎஸ் அனுப்புகிறவருக்குப் பல வருஷம் பெயர் காட்டவில்லை. ஆர்டிஜிஎஸ்-க்கு அடிமட்டத் தொகையே 2 லட்சம். அதில் கட்டும் கிடையாது, கூட்டல் கழித்தலும் கிடையாது. ஒவ்வொன்றும் தனித்தனியாக அந்த நிமிஷமே தீர்ந்துவிடும். 2007-இல் வந்த பணம் செலுத்தல், தீர்வு முறைச் சட்டப்படி தீர்ந்தது தீர்ந்ததுதான், மாற்ற முடியாது. அவ்வளவு கெட்டியான கதவுக்கு முன்னால் பெயர்ப்பலகை இல்லாமல் இருந்தது.

அந்தப் பெயர்ப்பலகை இப்போது வந்துவிட்டது. 2024 டிசம்பர் 30 தேதியிட்ட சுற்றறிக்கையில், நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்புகிறவருக்கு எதிர்க்கணக்கின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. வசதியை உருவாக்கும் பொறுப்பு, யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ-க்கு. கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி-யையும் அடித்தால், அந்த வங்கியின் சர்வரில் இருக்கும் பெயர் வரும். வாடிக்கையாளரிடம் இதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நான் மடல் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான வரியும் அதில்தான் இருக்கிறது: இணையத்திலும் மொபைலிலும் அனுப்புகிறவர்களுக்கு மட்டும் இல்லை, கிளைக்கு வந்து அனுப்புகிறவர்களுக்கும் இந்த வசதி உண்டு.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு ஒரு கிளைக்குப் போயிருந்தேன். அவர் தங்கை மகனுக்குப் பணம் அனுப்ப வேண்டும். கவுன்ட்டரில் இருந்த தம்பி நல்ல பையன், மரியாதையாகப் பேசினான், படிவத்தை வாங்கி அடித்தான். "பேர் வருதாப்பா, கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்" என்றேன். "அதெல்லாம் மொபைல்ல அனுப்புறவங்களுக்கு சார்" என்றான். பொய் சொல்லவில்லை அவன். அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவன் பின்னால் பதினெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள், அவன் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. அவனைக் கண்டதும் எனக்கு 2013-இல் உட்கார்ந்திருந்த நான் நினைவுக்கு வந்தேன்.

மொபைலில் அனுப்புகிறவருக்குத் தானாகப் பார்த்துக்கொள்ளக் கண் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. யாருக்குப் பெயர் கட்டாயம் தேவையோ அவர்தான் உங்கள் முன்னால் படிவத்தோடு நிற்கிறார். அதனால்தான் திரையைத் திருப்பிக் காட்டினால் போதாது என்கிறேன். அதில் பெயர் இங்கிலீஷ் பெரிய எழுத்தில் இருக்கும். "இந்தப் பணம் இன்னார் பேருக்குப் போகுது, சரிதானாம்மா?" என்று தமிழில் சொல்லுங்கள். பத்து விநாடிதான் ஆகும். நான் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சொல்லும்போது சில சங்கடங்கள் வரும். முதலெழுத்து இடம் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். படிவத்தில் கே. முருகன் என்று இருந்து திரையில் முருகன் கே என்று வந்தால் ஆள் ஒன்றுதான். ஆனால் கே என்பது எம்-ஆக மாறியிருந்தால் நிறுத்திக் கேளுங்கள். சங்கரன்கோவிலில் கோமதி என்று கூப்பிட்டால் வரிசையில் நாலு பேர் திரும்புவார்கள். அங்கே பெயர் பொருந்தினாலும் முதலெழுத்தைக் கேட்காமல் விடக் கூடாது. கல்லூரி, மருத்துவமனை, சொசைட்டி என்றால் கணக்கு ஏதோ ஒரு டிரஸ்ட் பெயரில் இருக்கும். திரையில் முன்பின் தெரியாத டிரஸ்ட் பெயர் வந்து வாடிக்கையாளர் திகைத்தால், அந்த நிறுவனத்தின் ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள், ரசீதில் அந்த டிரஸ்ட் பெயர் அச்சாகியிருக்கும். இல்லை என்றால் போன் போட்டுக் கேட்டுவிட்டு வரட்டும். வங்கிகள் இணைந்ததில் பழைய ஐஎஃப்எஸ்சி மாறிப்போன பாஸ்புக்குகள் இன்னும் பீரோக்களில் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதிவந்தால் பெயர் வராமலே போகலாம். பெயர் வராதபோதும் அனுப்பலாமா கூடாதா என்பது அனுப்புகிறவர் முடிவு. ஆனால் "பேரு வரலை, இந்த நம்பரை நம்பித்தான் அனுப்புறோம், இன்னொருக்கா நம்பரைக் கேட்டுக்கிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுங்கள்.

எண்ணையும் படியுங்கள். துண்டுச் சீட்டைப் பார்த்து அவர் சொல்லட்டும், படிவத்தைப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள், மும்மூன்று இலக்கமாக. படிக்கத் தெரியாதவருக்குக் கூட எண் தெரியும். பஸ் எண் பார்த்து ஏறுகிறவர்கள்தானே. 2013-இல் நான் இதைச் செய்திருந்தால் "ஏழு இல்லை அண்ணாச்சி, ஒண்ணு" என்று அந்த அம்மாவே சொல்லியிருப்பார். பீடிக் கட்டுக் கணக்கில் அவரை ஏமாற்ற ஒருவராலும் முடியாது.

இன்னொரு ஆபத்து இப்போது வளர்ந்திருக்கிறது. எங்கள் காலத்தில் தவறுதலாகத்தான் பணம் வேறு கணக்குக்குப் போனது. இப்போது வேண்டுமென்றே போகவைக்கிறார்கள். போலீஸ் என்றும் சிபிஐ என்றும் வீடியோ காலில் மிரட்டி, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பெரியவர்களை வீட்டுக்குள் உட்காரவைத்து, வைப்புநிதியை உடைத்து ஆர்டிஜிஎஸ் அனுப்பச் சொல்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. அந்தப் பெரியவர் நடுங்கிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்பார், யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவரை மிரட்டியிருப்பார்கள். "அரசாங்கக் கணக்கு" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். நீங்கள் பெயரை வாய்விட்டுப் படிக்கிறீர்கள்: எங்கேயோ இருக்கும் ஒரு டிரேடர்ஸ் பெயரோ, யாரோ ஒரு தனி ஆளின் பெயரோ வருகிறது. அரசாங்கத்துக்கு ஏன் ஒரு டிரேடர்ஸ் பெயர் என்று அவர் மனதில் விழுந்துவிட்டால் போதும். கிளையில் இருந்தவர்கள் கேட்ட ஒரு கேள்வியால் ஆயுள் சேமிப்புத் தப்பியது என்று செய்திகளில் படிக்கிறோமே, அந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. பணம் போன பிறகு தெரிந்தால், அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அவரைக் கூப்பிடவையுங்கள். படிவம் நிரப்பு, நாளைக்கு வா என்று அனுப்பாதீர்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் பிடித்தால்தான் உண்டு.

பெயர் பார்க்கும் வசதியை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. யாராவது தெரிந்தவர் ஒரு கணக்கு எண்ணைக் கொண்டுவந்து "இது யாரோடதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லு" என்றால் மறுத்துவிடுங்கள். பணம் அனுப்ப வந்தவருக்கு மட்டுந்தான் அந்தக் கதவு.

தவறு நடந்துவிட்டால் என்ன சொல்வது? எங்கள் காலத்தில் "அந்த பாங்க்குல போய்க் கேளுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். அது மகா பாவம். சங்கரன்கோவிலில் இருப்பவர் எந்த ஊரில் போய்க் கேட்பார்? யுடிஆர் எண்ணை எழுதிக் கொடுங்கள். அன்றைக்கே எழுத்தில் புகார் வாங்கி, அன்றைக்கே எதிர்வங்கிக்கு அனுப்புங்கள். தவறுதலாக வந்த பணத்தை வைத்துக்கொள்ள ஒருவருக்கும் உரிமை இல்லை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவு, பிழையாகப் பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. இதை அந்த ஆளுக்கு எழுதும் கடிதத்தில் குறிப்பிட்டால் பல பேர் கொடுத்துவிடுகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

நடுவழியில் பணம் மாட்டிக்கொள்வது வேறு விஷயம், இதோடு அதைக் குழப்பிவிடாதீர்கள். ஐஎம்பிஎஸ், யுபிஐ-யில் இங்கே பற்றாகி அங்கே வரவாகவில்லை என்றால், மறுநாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். 2019 செப்டம்பர் சுற்றறிக்கை, அக்டோபர் 15 முதல் நடப்பு. நெஃப்ட் தாமதத்துக்கு ரெப்போ வட்டியோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) 2 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். வாடிக்கையாளர் கேட்கத்தான் வேண்டும் என்று எங்கும் இல்லை. கேட்காமலே கொடுக்க வேண்டிய பணம் அது. எங்கள் கிளைகளில் கேட்டவருக்கே இழுத்தடித்துத்தான் கொடுத்தோம். முப்பது நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார் என்று சொல்லுங்கள். சொன்னால் நம்மேலேயே புகார் போகுமே என்று பயப்படாதீர்கள். போகட்டும்.

எங்கள் காலத்தைவிட உங்களுக்கு வேலை அதிகம், ஆள் குறைவு என்று தெரியும். இன்ஷூரன்ஸ் விற்கச் சொல்கிறார்கள், கார்டு விற்கச் சொல்கிறார்கள், சாயங்காலம் ஆனால் டார்கெட் கேட்டு போன் வருகிறது. பெயர் படித்துச் சொன்னதற்கு யாரும் டார்கெட் வைக்கவில்லை, பாராட்டும் வராது. வரிசையில் நிற்பவர்களே "சீக்கிரம் சார்" என்பார்கள். மேலதிகாரி, திரையில் வருகிற நேரத்தை எண்ணுவார். இதெல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். உங்கள் கிளை சாஃப்ட்வேரில் பெயர் காட்டும் இடம் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், இன்றைக்கே மேனேஜரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் மண்டல அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள், சுற்றறிக்கையின் தேதியை மேலே கொடுத்திருக்கிறேன்.

முடிந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். ரசீதுத் துண்டில் முத்திரை போட்டுக் கொடுக்கும்போது, திரையில் வந்த பெயரை அதன் ஓரத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். அந்த அம்மா நாலு நாள் அந்தத் துண்டை மடித்து வைத்திருந்தார். அதில் இருந்ததெல்லாம் எண்கள். வீட்டுக்குப் போய் மகளிடம் காட்டியபோது அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டிருக்கிறது. வேறொரு ஆளின் பெயர் அதில் தமிழில் இருந்திருந்தால், அன்றைக்குச் சாயங்காலமே திரும்பி வந்திருப்பார். வண்டிக் கடன் தவணை மறுநாள் காலையில்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது.

அன்போடு,
ஓய்வுபெற்ற கிளை ஊழியர் ஒருவர்,
சங்கரன்கோவில்